விழு, வீழ்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அறிவியல் பாடங்களுக்கும் பொதுக் கட்டுரைகளுக்கும் மெய்ப்புப் பார்க்கும் வேலையில், மிக எளிதாகத் தோன்றும் ஒரு வினைச்சொல்லைப் பற்றி ஒரே வகையான ஐயங்கள் திரும்பத் திரும்ப எழுகின்றன. எழுதுவோரும் மொழிபெயர்ப்போரும் ஆசிரியர்களும் கேட்டவற்றை, அவர்கள் கேட்ட சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். எளியவை முன்னும் சிக்கலானவை பின்னும் வருகின்றன. ஒருமுறை சொன்னதை மறுபடி விரிக்காமல் முந்தைய விடையைச் சுட்டியிருக்கிறேன்.

'விழு' என்றால் கீழே வருதல், அவ்வளவுதானே? இதில் என்ன ஐயம் இருக்க முடியும்?

'கீழே வருதல்' என்பது பொருளின் ஒரு பகுதி மட்டுமே. ஒன்று விழுந்தது என்று சொல்லும்போது, அதைத் தாங்கிக்கொண்டிருந்த பிடிமானம் போய்விட்டது என்பதும், அது தன் எடையாலேயே கீழ்நோக்கி வந்தது என்பதும், கடைசியில் ஓரிடத்தில் போய்ச் சேர்ந்தது என்பதும் சேர்ந்தே புலப்படுகின்றன. இம்மூன்றில் தமிழ் அதிகமாகக் கவனிப்பது மூன்றாவதை, அதாவது போய்ச் சேர்ந்த இடத்தை. 'பழம் விழுந்தது' என்றால் கேட்பவர் 'எங்கே?' என்பார்; 'எவ்வளவு நேரம் விழுந்தது?' என்று யாரும் கேட்பதில்லை. 'பழம் இரண்டு வினாடி விழுந்தது' என்ற தொடர் காதுக்கு ஒட்டாமல் நிற்பதும், 'பழம் தரையில் விழ இரண்டு வினாடி ஆனது' என்பது இயல்பாக ஒலிப்பதும் இதனால்தான்.

விழும்போது எழும் ஒலியைக் காட்டும் சொற்களையும் பாருங்கள். மண்ணில் பழம் பொத்தென்று விழும். மூட்டை தொப்பென்று விழும். நின்றுகொண்டிருந்த ஆள் தடாலென்று விழுவார். பித்தளைக் குவளை ணங்கென்று விழும். இவை எல்லாமே தரையைத் தொடும் கணத்தின் ஒலிகள். வழியில் காற்றைக் கிழிக்கும் ஒலியைச் சொல்ல வேண்டுமானால் 'விர்ரென்று வந்து விழுந்தது' என்று இன்னொரு வினையைத் துணைக்கு அழைக்கிறோம். இந்தக் குறிப்பை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்; பின்னால் வரும் பல கேள்விகளுக்கு இதுவே திறவுகோல்.

மாடியிலிருந்து இறங்கினான், குதித்தான், விழுந்தான்: மூன்றிலும் கீழேதானே வருகிறான்?

வருவது கீழேதான், வேறுபாடு அவன் கட்டுப்பாட்டில் இருக்கிறது. இறங்குபவனின் பிடிமானம் அடிக்கடி மாறினாலும் முற்றிலும் போய்விடுவதில்லை. குதிப்பவன் பிடிமானத்தைத் தானே விட்டுவிடுகிறான். விழுபவனை அது விட்டுவிடுகிறது. உயிரற்ற பொருளுக்கு விருப்பம் இல்லையாதலால் பொதுவாக அதற்கு 'விழு' மட்டுமே பொருந்தும். விமானம் 'இறங்கியது' என்றால் ஓட்டியவர் இறக்கினார் என்றும், 'விழுந்தது' என்றால் விபத்து என்றும் நாம் உடனே புரிந்துகொள்கிறோம்.

விதிவிலக்கு ஒன்று உண்டு. 'காலில் விழுந்தான்', 'விழுந்து கும்பிட்டான்' என்பவற்றில் மனிதன் வேண்டுமென்றேதான் விழுகிறான். ஆயினும் தன் நிமிர்வைத் தானே கைவிட்டுத் தரையோடு சேர்கிறான் என்பதால் அங்கேயும் 'விழு' பொருத்தமாகவே இருக்கிறது.

விழு, வீழ் இரண்டும் ஒன்றுதானே? எதை எப்போது எழுதுவது?

வேர் ஒன்று, இன்றைய பயன்பாடு வேறு. விழு என்பது விழுந்தான், விழுகிறான், விழுவான் என்றும், வீழ் என்பது வீழ்ந்தான், வீழ்கிறான், வீழ்வான் என்றும் வரும். பழந்தமிழில் சாதாரணமாக மேலிருந்து கீழே வருவதற்கும் 'வீழ்' வந்தது. 'விசும்பின் துளிவீழின் அல்லால்' என்று தொடங்கும் 16ஆம் குறளில் வீழ்வது வெறும் மழைத்துளிதான். இன்றைய உரைநடையில் துளி விழும், பேரரசு வீழும். கண்ணுக்குத் தெரியும் பொருள் இடம் மாறினால் 'விழு' என்றும், ஒன்றின் நிலை, வலிமை, மதிப்பு ஆகியவை தாழ்ந்தால் 'வீழ்' என்றும் எழுதினால் பெரும்பாலும் பிழை நேராது. 'நாற்காலியிலிருந்து வீழ்ந்தான்' என்று எழுதினால் வாசகர் அவன் பதவி போய்விட்டது என்று எண்ணக்கூடும்.

பெயர்ச்சொல்லுக்கு வரும்போது இந்தப் பிரிவு கலைந்துவிடுகிறது. 'விழு' என்பதிலிருந்து விழுதல், விழுகை என்ற தொழிற்பெயர்கள் உண்டென்றாலும் அவை கலைச்சொல்லாக நிலைக்கவில்லை. ஆகவே விலையின் சரிவுக்கும் கல் விழுவதற்கும் 'வீழ்ச்சி' என்ற ஒரே சொல்லையே பயன்படுத்துகிறோம். வேதியியலில் கரைசலிலிருந்து பிரிந்து அடியில் தங்கும் திண்மத்தை 'வீழ்படிவு' என்கிறோம். வீழ்வதும் படிவதும் ஒரே சொல்லில் அடங்கிய நல்ல ஆக்கம் அது. 'விழ்ந்தது' என்று இரண்டையும் கலந்து எழுதுவது மட்டும் எங்கும் சரியாகாது.

இலை விழுந்ததா, உதிர்ந்ததா? முடி கொட்டியதா, உதிர்ந்ததா, விழுந்ததா?

எல்லாம் சரி, ஆனால் ஒவ்வொன்றும் வேறொரு கணத்தைப் பிடித்துக் காட்டுகிறது. 'உதிர்' என்பது விட்டுப் பிரிவதைக் காட்டுகிறது: வளர்ந்த இடத்திலிருந்தோ ஒட்டியிருந்த இடத்திலிருந்தோ ஒன்று தானாகக் கழல்வது. இலை, பூ, இறகு, சுவரின் காரை ஆகியவை உதிரும். மேசைமேல் வைத்த புத்தகம் உதிராது, ஏனென்றால் அது மேசையில் முளைத்ததன்று. 'கொட்டு' அளவைக் காட்டுகிறது. ஒரே ஒரு முடி கொட்டியது என்று யாரும் சொல்வதில்லை. கைப்பிடி அளவு வந்தால்தான் கொட்டுகிறது என்று கவலைப்படுகிறோம். முதல் கேள்வியில் சொன்னபடி 'விழு' போய்ச் சேர்ந்த இடத்தைக் காட்டுகிறது. ஆகவே 'இலை உதிர்ந்து குளத்தில் விழுந்தது' என்ற தொடரில் இரண்டு வினைகளும் தேவை, ஒன்றும் மிகையில்லை.

இதே வரிசையில் இன்னும் சில சொற்கள் நிற்கின்றன. கலத்தின் விளிம்பைத் தாண்டிச் சிதறி வீணாவது சிந்துதல். துளித்துளியாக விட்டுவிட்டு வருவது சொட்டுதல். சாய்வான தளத்தில் தொகுதியாக நகர்ந்து வருவது சரிதல். அடி நின்ற இடத்திலேயே நிற்க மேற்பகுதி தாழ்வது சாய்தல். வாய்ப்பக்கமோ மேற்பக்கமோ கீழாகப் புரள்வது கவிழ்தல். புயலில் ஒரு மரம் வேரோடு இருந்தபடி சாயலாம். பின்னர் வேர் பிடுங்கிக்கொண்டு விழலாம். செய்தி எழுதுபவர் எந்தக் கட்டத்தைப் பார்த்தார் என்பதைச் சொல்லே சொல்லிவிடுகிறது.

இடறி, தடுக்கி, வழுக்கி, சறுக்கி: எல்லாம் ஒரே விழுதல்தானே? ஏதாவது ஒன்றைப் போட்டுக்கொள்ளலாமா?

போட்டுக்கொள்ளக் கூடாது. எப்படி விழுந்தான் என்பதைத் தமிழ் முன்னால் வரும் வினையெச்சத்தில் சொல்கிறது. நடக்கிற காலின் விரல் கல்லில் மோதினால் இடறுகிறது. படியோ கயிறோ உடுத்திய துணியின் ஓரமோ காலை மறித்தால் தடுக்குகிறது. தளத்தில் ஈரமோ எண்ணெயோ இருந்து பாதம் பிடிப்பை இழந்தால் வழுக்குகிறது. சரிவில் உடலோ காலோ தேய்ந்தபடி நகர்ந்தால் சறுக்குகிறது. 'ஈரத் தரையில் இடறி விழுந்தார்' என்று எழுதினால் ஈரத்துக்கும் விழுந்ததற்கும் தொடர்பில்லை என்றாகிவிடும்; காப்பீட்டு மனுவிலோ விபத்து அறிக்கையிலோ இது சிறிய பிழையன்று.

பொருள்களுக்கும் இப்படியே. சுவர் இடிந்து விழும். கிளை முறிந்து விழும். கயிறு அறுந்து விழும். மறை கழன்று விழும். கையிலிருந்தது நழுவி விழும். இவற்றில் முன்னால் நிற்கும் வினை பிடிமானம் போன விதத்தையும், 'விழு' அதன் முடிவையும் சொல்கின்றன.

மழை விழுகிறது என்று எழுதலாமா? பெய்கிறது என்றுதான் எழுத வேண்டுமா?

மழை பெய்யும், பொழியும், கொட்டும், தூறும். துளி விழும். மழை என்பது ஒரு நிகழ்வாகவும் துளி என்பது ஒரு பொருளாகவும் கருதப்படுவதால் இந்த வேறுபாடு. அளவீட்டைக் குறிக்கத் தமிழ்நாட்டில் மழைப்பொழிவு என்றும் இலங்கையில் மழைவீழ்ச்சி என்றும் எழுதுகிறார்கள்; இரண்டும் நிலைபெற்றவை, எழுதும் இடத்தின் வழக்கைப் பின்பற்றுவது போதும்.

மரத்தில் விழுந்தானா, மரத்திலிருந்து விழுந்தானா?

உரைநடையில் 'இல்' சேரும் இடத்தையும் 'இலிருந்து' நீங்கும் இடத்தையும் காட்டும். கிணற்றில் விழுந்தான், மரத்திலிருந்து விழுந்தான். பழைய இலக்கணத்தில் நீங்கும் பொருளுக்கு 'இன்' என்ற ஐந்தாம் வேற்றுமை உருபு தனியாகவே போதுமானதாக இருந்தது. 'மலையின் வீழ் அருவி' என்ற எடுத்துக்காட்டைப் பள்ளியில் படித்திருப்பீர்கள். அதில் அருவி மலையை விட்டு நீங்குகிறது. இன்று அதே அமைப்பில் 'மாடியின் விழுந்தான்' என்று எழுதினால் யாருக்கும் புரியாது. 'மேல்' சேர்ந்தால் அடிபட்டவர் ஒருவர் இருக்கிறார் என்று பொருள்: 'கிளை வண்டியின்மேல் விழுந்தது.'

'விழுந்துப் போனது' என்று ஒற்றுப் போட வேண்டுமா?

வேண்டாம். விழுந்து என்பது மென்தொடர்க் குற்றியலுகரமாக முடியும் வினையெச்சம். அதன்பின் வல்லினம் மிகாது. விழுந்து போனது, விழுந்து கிடக்கிறது, விழுந்து சிரித்தான் என்றே எழுத வேண்டும். 'விழ' என்ற எச்சத்தின்பின் மிகும்: விழப் போனான், விழப் பார்த்தான், விழக்கூடாது.

குழந்தை குவளையை விழ வைத்தது, வீழ்த்தியது, விழுத்தியது: எது சரி?

தமிழ்நாட்டுப் பேச்சு வழக்கில் இவற்றில் எதுவும் தானாக வராது. குழந்தை குவளையைக் கீழே போட்டுவிட்டது, அல்லது தட்டிவிட்டது என்போம். கையில் இருந்தது நழுவினால் 'கீழே போட்டுவிடு', கை பட்டு விழுந்தால் 'தட்டிவிடு', ஆளைச் சாய்த்தால் 'தள்ளிவிடு'. மொழிபெயர்ப்பில் 'விழச் செய்தது' என்று எழுதிய இடங்களில் பெரும்பாலும் இம்மூன்றில் ஒன்றைக் கொண்டு திருத்திவிடலாம்.

'வீழ்த்து' என்பதில் எதிர்ப்பை வென்ற பொருள் உண்டு: பகைவனை, ஆட்சியை, பெரிய மரத்தை வீழ்த்தலாம். விளையாட்டுச் செய்திகளில் பந்துவீச்சாளர் விக்கெட்டை வீழ்த்துவதும் இதனால்தான் பொருந்துகிறது. 'விழுத்து' இலங்கைத் தமிழில் இன்றும் உயிரோடு இருக்கும் சொல். அங்கே குழந்தை குவளையை விழுத்தலாம். தமிழ்நாட்டு ஆசிரியர்கள் அதைப் பிழையென்று அடிப்பது நியாயமில்லை. வாய்பாட்டுக்குச் சரியாகப் பொருந்தும் பிறவினை அது.

காதில் விழுந்தது, ஓட்டு விழுந்தது, நிழல் விழுந்தது: இங்கெல்லாம் எது எங்கிருந்து விழுகிறது?

எதுவும் எங்கிருந்தும் விழவில்லை. ஆனால் எல்லாமே ஓரிடத்தில் போய்ச் சேர்கின்றன. முதல் விடையில் குறிப்பிட்ட மூன்று கூறுகளில் முதலிரண்டும் மறைந்து மூன்றாவது மட்டும் எஞ்சிய பயன்பாடுகள் இவை. கேட்டான் என்றால் கவனித்தான். காதில் விழுந்தது என்றால் அவன் முயற்சியின்றித் தானே வந்து சேர்ந்தது. பார்வை விழுவதும் வெயில் விழுவதும் பழி விழுவதும் அப்படியே. துணியில் முடிச்சு விழுகிறது, சுவரில் விரிசல் விழுகிறது, முகத்தில் சுருக்கம் விழுகிறது: யாரும் செய்யாமல் வந்து அமர்ந்துவிட்ட மாற்றங்கள்.

பங்கு பிரிக்கும்போது 'தலைக்கு எவ்வளவு விழும்?' என்று கேட்பதும் இந்த வரிசையில் சேரும். நூற்றுக்கு இவ்வளவு என்ற பொருளில் நாம் எழுதும் 'விழுக்காடு' என்ற சொல்லைப் புரிந்துகொள்ள இதைவிட எளிய வழி இல்லை.

விழுப்புண் என்றால் விழுந்து அடிபட்ட புண்ணா?

இல்லை. சிறந்த, மேலான என்ற பொருளில் 'விழு' என்ற வேறொரு சொல் தமிழில் உண்டு. விழுமியம், விழுப்பொருள், விழுப்பம் ஆகியவை அதன் வழி வந்தவை. விழுப்புண் என்பது போரில் முகத்திலும் மார்பிலும் பட்ட பெருமைக்குரிய புண். 'விழுப்புண் படாதநாள் எல்லாம் வழுக்கினுள் வைக்கும்' என்னும் 776ஆம் குறள், அத்தகைய புண் படாத நாள்களை வீரன் வீண்நாள்களாக எண்ணுவான் என்கிறது. மாடிப்படியில் வழுக்கியவரின் முழங்கால் காயத்தை விழுப்புண் என்று எழுதுவது நகைச்சுவையாக இருந்தால் சரி.

ஆலமரத்தின் 'விழுது' இதில் சேராது; அது கிளையிலிருந்து கீழ்நோக்கி இறங்குவதால் நம் 'விழு'வின் உறவே. பழைய பாடல்களில் விழுதுக்கு 'வீழ்' என்றே பெயர் உண்டு.

காதலில் விழுந்தான் என்பது ஆங்கிலத் தொடரின் மொழிபெயர்ப்பு என்கிறார்கள். ஆனால் வள்ளுவரே 'வீழ்வார்' என்கிறாரே?

இரண்டும் உண்மை; ஆனால் ஒன்றுக்கு மற்றொன்று சான்றாகாது. காமத்துப்பாலில் 1191ஆம் குறள் 'தாம்வீழ்வார் தம்வீழப் பெற்றவர்' என்று தொடங்குகிறது: தாம் விரும்புகிறவர் தம்மை விரும்பும் பேறு பெற்றவர் என்பது பொருள். இங்கே வீழ்தல் என்றால் விரும்புதல். உரையாசிரியர்களும் அப்படியே பொருள் கொள்கிறார்கள்.

அமைப்பைக் கவனித்தால் வேறுபாடு தெளிவாகும். குறளில் ஒருவர் இன்னொருவரை வீழ்கிறார். அது செயப்படுபொருளை ஏற்கும் வினை. இன்றைய தொடரில் ஒருவர் காதலில், ஒரு குழிக்குள் விழுவதுபோல, விழுகிறார்; அங்கே செயப்படுபொருள் இல்லை, இடம்தான் இருக்கிறது. முதலாவது விருப்பம், இரண்டாவது விபத்து. ஆகவே 'காதலில் விழுந்தான்' என்பதற்கு வள்ளுவரைத் துணைக்கு அழைக்க முடியாது. அந்தத் தொடர் திரைப்பாட்டிலும் பேச்சிலும் ஊன்றிவிட்டது என்பதால் அதை நான் பிழையாகக் குறிப்பதில்லை. காதல் கொண்டான், மனத்தைப் பறிகொடுத்தான் போன்றவை கைவசம் இருக்கையில் கட்டுரையில் எழுதுவதுமில்லை.

நீர்வீழ்ச்சி தவறான சொல்லா? அருவி என்றே எழுத வேண்டுமா?

அருவி பழைய சொல், குறுகிய சொல், அழகான சொல். நீர்வீழ்ச்சி பிற்கால ஆக்கமென்றாலும் தவறில்லை. நீங்கள் தேர்வு செய்ய முடிகிறபோது அருவியைத் தேர்ந்தெடுங்கள்.

'தடையிலா வீழ்ச்சி' என்கிறார்களே, அங்கே எந்தத் தடை இல்லை? காற்றா, தரையா?

காற்று. ஒரு பொருளின்மேல் ஈர்ப்பு விசையைத் தவிர வேறெந்த விசையும் செயல்படாத நிலையை இயற்பியலில் தடையிலா வீழ்ச்சி அல்லது தடையற்ற வீழ்ச்சி என்கிறார்கள். புவிப்பரப்புக்கு அருகில் அப்படி விழும் பொருளின் வேகம் வினாடிக்கு வினாடி ஏறத்தாழ 9.8 மீட்டர் கூடும். ஓய்விலிருந்து விழத் தொடங்கிய கல் முதல் வினாடியின் முடிவில் 4.9 மீட்டரும், இரண்டாம் வினாடியின் முடிவில் 19.6 மீட்டரும் கடந்திருக்கும். கல்லின் எடை இந்தக் கணக்கில் வரவே இல்லை. 1971ஆம் ஆண்டு ஆகஸ்ட் 2ஆம் நாள் அப்பல்லோ 15 பயணத்தில் டேவிட் ஸ்காட் காற்றில்லாத நிலவில் ஒரு சுத்தியலையும் ஓர் இறகையும் ஒன்றாகக் கைவிட்டபோது இரண்டும் ஒன்றாகவே தரையைத் தொட்டன.

மழைத்துளி தடையிலா வீழ்ச்சிக்கு எடுத்துக்காட்டாகாது. பாடக் குறிப்புகளில் இந்தப் பிழையை அடிக்கடி பார்க்கிறேன். காற்றின் எதிர்ப்பால் துளி சிறிது தொலைவிலேயே மாறாத வேகத்தை அடைந்துவிடுகிறது. பெரிய துளிக்கே அது வினாடிக்கு ஏறத்தாழ 9 மீட்டர்தான். இதை முற்றுத் திசைவேகம் என்கிறோம். துளி விழுகிறது, ஆனால் தடையோடு விழுகிறது. 'கனமான பொருள் பலமாக விழும்' என்ற வழக்குத் தொடரையும் 'கனமான பொருள் வேகமாக விழும்' என்பதையும் மாணவர்கள் குழப்பிக்கொள்கிறார்கள். முன்னது தரையில் மோதும் கணத்தைப் பற்றியது, அது சரி. பின்னது வழியைப் பற்றியது, காற்றை விலக்கிவிட்டால் அது தவறு.

மேலே எறிந்த பந்து மேலே போகும்போதே 'வீழ்ச்சியில்' இருக்கிறது என்று பாடத்தில் இருக்கிறது. இது அச்சுப் பிழைதானே?

பிழையன்று. முந்தைய விடையில் உள்ள வரையறையை மறுபடி பாருங்கள்: அதில் திசையைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. கையை விட்ட கணத்திலிருந்து, காற்றைப் புறக்கணித்தால், பந்தின்மேல் ஈர்ப்பு மட்டுமே செயல்படுகிறது. மேலே போகும்போது வினாடிக்கு வினாடி 9.8 மீட்டர் வீதம் வேகம் குறைகிறது. திரும்பும்போது அதே வீதத்தில் கூடுகிறது. இயற்பியலுக்கு இரண்டும் ஒரே நிலை. பொதுத் தமிழுக்கோ மேலே போவது ஏறுவது, கீழே வருவது விழுவது. ஆகவே 'பந்து மேலே விழுகிறது' என்று எழுதக் கூடாது. 'மேலே செல்லும்போதும் பந்து தடையிலா வீழ்ச்சி நிலையில் இருக்கிறது' என்று எழுதலாம். வினையைப் பொதுமொழிக்கு விட்டுவிட்டுப் பெயர்ச்சொல்லைக் கலைச்சொல்லாக வைத்துக்கொள்வதே இங்கே நல்ல வழி.

நிலா பூமியை நோக்கி விழுகிறது என்றால், இத்தனை காலமாக ஏன் வந்து விழவில்லை?

கேள்வியிலேயே 'விழு' இரண்டு பொருளில் வந்திருப்பதைக் கவனியுங்கள். முதல் 'விழுகிறது' இயற்பியலின் சொல்: ஈர்ப்பால் நேர்கோட்டிலிருந்து விலகி வளைவது. இரண்டாவது 'வந்து விழவில்லை' நம் அன்றாடச் சொல்: போய்ச் சேர்வது. நிலா நேராகச் செல்ல வேண்டிய பாதையிலிருந்து ஒவ்வொரு வினாடியும் ஏறத்தாழ 1.4 மில்லிமீட்டர் பூமியின் பக்கம் வளைகிறது. புவிப்பரப்பில் கல் முதல் வினாடியில் விழும் 4.9 மீட்டருடன் ஒப்பிட்டால் அது ஏறக்குறைய 3,600இல் ஒரு பங்கு. பூமியின் மையத்திலிருந்து கல் இருக்கும் தொலைவைப்போல் ஏறத்தாழ 60 மடங்கு தொலைவில் நிலா இருக்கிறது; 3,600 என்பது 60இன் இருமடி, அதாவது 60 × 60. நியூட்டன் கல்லையும் நிலாவையும் ஒரே விதிக்குள் கொண்டுவந்த கணக்கு இதுவே. பக்கவாட்டு வேகம் இருப்பதால் நிலா விழுந்துகொண்டே இருக்கிறது, விழுந்து முடிப்பதில்லை. தமிழில் இதைச் சொல்ல 'விழுந்துகொண்டே இருக்கிறது' என்ற தொடர்வினையைத் தவிர்க்க முடியாது; 'விழுகிறது' என்று மட்டும் எழுதினால் வாசகர் அண்ணாந்து பார்த்துவிட்டு நம்மை நம்பமாட்டார்.

அப்படியானால் விண்வெளி நிலையத்தில் கைவிட்ட பேனா 'விழவில்லை' என்று எழுதுவது தவறா?

கதையில் எழுதினால் தவறில்லை. அறிவியல் பக்கத்தில் தவறான எண்ணத்தை விதைக்கும். பன்னாட்டு விண்வெளி நிலையம் ஏறத்தாழ 400 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகிறது. அங்கே ஈர்ப்பு முடுக்கம் தரையில் உள்ளதில் ஏறக்குறைய 90 விழுக்காடு இருக்கிறது. ஈர்ப்பு இல்லாததால் பேனா மிதக்கவில்லை. நிலையமும் பேனாவும் அதைக் கைவிட்டவரும் ஒரே வீதத்தில் விழுந்துகொண்டிருப்பதால், பேனா போய்ச் சேர ஒரு தரை கிடைப்பதில்லை. மெய்ப்பில் இத்தகைய வரி வந்தால் 'பேனா விழவில்லை' என்பதை அடித்துவிட்டு, 'பேனா விட்ட இடத்திலேயே மிதந்தது. ஏனென்றால் அதைச் சுற்றியிருந்த எல்லாமே அதனுடன் சேர்ந்து விழுந்துகொண்டிருந்தன' என்று எழுதிக் கொடுக்கிறேன்.